கிளிநொச்சி ஏன் வட்டமாக வளரவில்லை?

கிளிநொச்சி அறிவியல்நகர் வளாகத்தில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது: "நகரம் என்றால் நடுவில் ஒரு மையம் இருக்கும், அதைச் சுற்றி வட்டம் வட்டமாக விரியும் என்று உயர்தரத்தில் படித்தோம். கிளிநொச்சி ஏ9 வீதியோடு நீட்டுக்குக் கிடக்கிறது. மையம் எது என்றே பிடிபடவில்லை. இது எப்போதாவது ஒழுங்கான நகரமாக வருமா?"

நல்ல கேள்வி. கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். (வெளியூராருக்கு: ஏ9 என்பது கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பெருவீதி. வன்னி என்பது யாழ் குடாநாட்டுக்குத் தெற்கே கிடக்கும் பெருநிலம், கிளிநொச்சி அதில்தான்.)

முதலில் அந்த வட்டப் படத்தை எடுப்போம். அது பர்ஜஸ் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1925இல் சிகாகோவைப் பார்த்துக் கீறியது. அன்றைய சிகாகோவுக்குக் கப்பலிலும் ரயிலிலும் சனம் வந்து குவிந்துகொண்டிருந்தது. தொழிற்சாலைகளும் பெரிய கடைகளும் நடுவில். வந்தவர் முதலில் நடுவுக்குக் கிட்ட வாடகைக்கு இருப்பார், கையில் காசு சேர்ந்ததும் வெளியே தள்ளிப் போய் வீடு வாங்குவார். இந்தப் படத்துக்கு அடியில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: நிலத்தை யாரும் யாருக்கும் விற்கலாம், துண்டு போடலாம், ஈடு வைக்கலாம். அந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் வட்டம் வராது. வன்னியில் அது பெரும்பாலும் இருந்ததே இல்லை.

வன்னியின் பழைய ஊர்ப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: மாங்குளம், புளியங்குளம், கனகராயன்குளம், பாண்டியன்குளம், செட்டிகுளம். எல்லாம் குளத்தில் வந்து முடியும். குளத்தில் நீர் எவ்வளவோ அவ்வளவுதான் வயல், வயல் எவ்வளவோ அவ்வளவுதான் குடி. பிள்ளைகள் பெருகினால் ஊர் பெருக்காது. மிஞ்சிய குடும்பம் காட்டுக்குள் தூர்ந்து கிடக்கும் இன்னொரு குளத்தைத் தேடிப் போய் அதைத் திருத்தும். அதனால்தான் வன்னி முழுக்கச் சிறு ஊர்கள், நடுவில் காடு. கடலும் கோட்டையும் இருந்ததால் முல்லைத்தீவு கொஞ்சம் பட்டினச் சாயலோடு இருந்தது. 1803இல் வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் பிடித்த கோட்டை அதுதான். உள்நாட்டில் பட்டினம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மலேரியா வேறு. காய்ச்சலுக்குப் பயந்து யாழ்ப்பாணத்தார் வன்னிக்குப் பெண் கொடுக்கவே யோசித்த காலம் அது.

இந்தக் கணக்கை உடைத்தது இரணைமடு. 1902இல் தொடங்கி 1920 அளவில் கட்டி முடிந்த குளம். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டியது, வட மாகாணத்தில் இதைவிடப் பெரிய குளம் இல்லை. இடையில் 1905இல் வடக்கு ரயில்பாதையும் காட்டை ஊடறுத்து வந்துவிட்டது. நீர் வந்தது, ரயில் வந்தது, ஆள் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் காணியும் வேலையும் போதாமல் போக, 1936இல் குடியேற்றத் திட்டமாகத்தான் கிளிநொச்சி தொடங்கியது. 1940களின் நடுவில் டிடிரி மருந்தடித்து மலேரியா அடங்கிய பிறகுதான் வந்தவர்கள் தங்கத் தொடங்கினார்கள்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கிளிநொச்சியின் முதல் வரைபடத்தைக் கீறியவர் நகரத் திட்டமிடலாளர் இல்லை, நீர்ப்பாசனப் பொறியியலாளர். அவருக்குத் தேவை சந்தை சதுக்கமோ கோயில் வீதியோ அல்ல. வாய்க்காலில் தண்ணீர் இறங்க வேண்டும், ஒவ்வொரு காணிக்கும் மதகு திறக்க வேண்டும். பெரிய வாய்க்கால், அதிலிருந்து கிளை வாய்க்கால், கிளையோடு வரிசையாகக் காணிகள். வயல் ஒரு பக்கம், வீடு வைக்க மேட்டுக்காணி ஒரு பக்கம். உருத்திரபுரத்துக்குப் போகிற பஸ்ஸில் இன்றைக்கும் "எட்டாம் வாய்க்காலில் இறக்கிவிடுங்கோ", "பத்தாம் வாய்க்கால்" என்றுதான் கேட்பார்கள். ஏ9இல் 155ஆம் கட்டை என்று ஒரு இடம். மைல் கட்டைதான் ஊர்ப் பெயர். வாய்க்கால் இலக்கமும் மைல் கட்டையும் விலாசமாக இருக்கும் ஊர் நீட்டுக்கு வளராமல் வேறு எப்படி வளரும்?

அடுத்தது காணிச் சட்டம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ்தான் குடியேற்றக் காணிகள் கொடுபட்டன. கையில் காணி உறுதிப்பத்திரம் இல்லை, பெர்மிற் என்கிற அனுமதிப்பத்திரம்தான். பெர்மிற் காணியை நினைத்தபடி விற்க முடியாது, ஈடு வைக்க முடியாது, துண்டு போட முடியாது. பின்னுரித்தாளியாக ஒருவரைத்தான் நியமிக்கலாம். கமக்காரன் கடன்பட்டுக் காணியை முதலாளியிடம் இழந்துவிடக் கூடாது என்பதற்காக வந்த சட்டம், அந்த அளவில் நியாயமானது. ஆனால் அதே காணிக்கு மேல் நகரம் வந்து குந்தும்போது சிக்கல் தொடங்குகிறது. நான்கு பிள்ளைகளில் ஒருவருக்குப் பெர்மிற், மற்ற மூவரும் வாய்ப்பேச்சில் ஆளுக்கொரு மூலையில் வீடு கட்டியிருப்பார்கள். வெளியாள் வாங்கினால் அதுவும் வெள்ளைத்தாள் எழுத்து. வங்கி அதைப் பார்த்துக் கடன் தராது. கடன் இல்லாமல் மாடி எழும்பாது, மாடி எழும்பாத இடத்தில் நெருக்கம் வராது. எங்கே காசு புழங்குமோ அங்கே மட்டும், அதாவது வீதி முகப்பில் மட்டும், கட்டடம் எழும்பும்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஏ9ஓரம் இரண்டு மாடி ஹாட்வெயார் கடை ஏதாவது ஒன்றுக்குள் போய்ப் பின்கதவால் வெளியே வாருங்கள். முன்னால் கண்ணாடி, விளம்பரப் பலகை, ரைல்ஸ் பதித்த படி. பின்னால் மூன்றாவது எட்டில் சீமெந்து பூசாத கல்சுவர், அதற்கப்பால் கட்டாக்காலி மாடு, ஒரு பாதிக் கிணறு, வடலி, அதற்கும் அப்பால் வாய்க்கால் கட்டு. நகரத்தின் தடிப்பு அவ்வளவுதான். மழைக்காலம் என்றால் அந்தப் பின்வளவில் கணுக்கால் தண்ணீர் நிற்கும். காரணம் சிம்பிள்: வீதியையும் முகப்பையும் உயர்த்தி நிரவிவிட்டார்கள், பின்பக்க நீர் போக வழி வைக்கவில்லை. 2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்தபோது, வாய்க்கால் கீறிய பொறியியலாளர் எதையெல்லாம் தாழ்நிலம் என்று விட்டுவைத்தாரோ அதெல்லாம் தன்னைக் காட்டிக்கொடுத்தது. வயலை நிரப்பக் கூடாது என்று 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் சொல்கிறது. ஆனால் மண் கொட்டும் லொறி இரவில்தான் வரும்.

சரி, போரைப் பற்றிச் சொல்லாமல் வன்னியில் நகரத்தைப் பற்றிச் சொல்ல முடியாது. ஆனால் போர் என்றதும் 'அழிவு' என்ற சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். நகரம் எப்படி மாறுகிறது என்று கேட்பவருக்கு அந்தக் காலம் வேறு பல விடயங்களையும் காட்டும்.

1995 ஒக்டோபர் முடிவில் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்தது. அதில் ஒரு பெரும் பகுதி கிளாலிக் கடலேரி தாண்டி வன்னிக்குள் வந்தது. 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி இராணுவத்திடம் விழ, நகரத்துச் சனமும் ஏற்கெனவே வந்திருந்த சனமும் சேர்ந்து அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி, புதுக்குடியிருப்பு என்று ஒதுங்கியது. மல்லாவி அதுவரை ஒரு கமக்காரச் சந்தி. கொஞ்ச நாளில் அங்கே நகைக்கடை, தையல்கடை, ரியூட்டரி, ஸ்ரூடியோ, சைக்கிள் திருத்துபவர்கள், எல்லாம் கிடுகுக் கொட்டிலில். யாழ்ப்பாணத்து வியாபாரிகள் தங்கள் கடைப் பெயர்ப்பலகையைக்கூடக் கொண்டுவந்து மாட்டினார்கள். நகரம் என்பது கட்டடம் அல்ல, ஆட்களும் அவர்களுடைய கொடுக்கல் வாங்கலும்தான் என்று ஒருவர் வாதிட விரும்பினால் 1997இன் மல்லாவிதான் சாட்சி. 1998 செப்டெம்பரில் கிளிநொச்சி மறுபடி புலிகளிடம் கைமாறியது, 2002 ஏப்ரலில் ஏ9 திறந்தது. அதோடு கடைகள் மூட்டை கட்டிக்கொண்டு வீதிக்குத் திரும்பிவிட்டன. மல்லாவி சுருங்கியது. முழுவதும் பழைய நிலைக்குப் போகவில்லை, ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடங்களும் பஸ் ஓட்டமும் மிச்சம். வந்து போன நகரம் ஒரு படிவை விட்டுத்தான் போகும்.

இன்னொரு எடுத்துக்காட்டு, சொல்லவே கசப்பானது. 2009இல் போரில் இடம்பெயர்ந்தவர்களை அடைத்துவைத்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாம். காட்டைத் துப்புரவாக்கித் தறப்பாள் கூடாரங்களும் தகரக் கொட்டில்களும் அடித்து, கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று வலயங்களுக்குப் பெயர் வைத்து, சுற்றி முள்கம்பி. இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம். ஆள் எண்ணிக்கையைப் பார்த்தால் கொழும்புக்கு அடுத்த பெரிய நகரம் இது என்று அப்போது எழுதினார்கள். 2012 செப்டெம்பரில் மூடினார்கள். இன்று நகரத்தின் சுவடு இல்லை. யாருக்கும் அங்கே காணி இல்லை, தொழில் இல்லை, வெளியே போய்வரச் சுதந்திரமும் இல்லை. ஆட்தொகை மட்டும் நகரத்தை உண்டாக்காது. இதற்கு நேர் எதிராக வவுனியா சிதம்பரபுரத்தைப் பாருங்கள். 1990களில் இந்தியாவிலிருந்து திரும்பியவர்களுக்கான முகாமாகத் தொடங்கியது. அங்கிருந்தவர்கள் கூலிக்கு வெளியே போய்வந்தார்கள், முகாமிலேயே பிள்ளைகள் பிறந்து வளர்ந்தார்கள், இன்று அது ஊர்.

2009 முடிந்து மீள்குடியேற்றத்துக்குக் கிளிநொச்சிக்குள் விட்டபோது கூரையோடு நின்ற கட்டடம் அரிது. விழுந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியின் படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதைச் சுற்றி வேலி போட்டுத் தெற்கிலிருந்து வருவோருக்குக் காட்சிப்பொருளாக வைத்தார்கள். ஆனால் திரும்பி வந்த சனம் தங்கள் காணியை எதை வைத்துக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? கிணற்றை வைத்து. மதில் போயிருந்தது, வேலி போயிருந்தது, மா பலா போயிருந்தது. பற்றைக்குள் கிணற்றுக்கட்டு மட்டும் தெரியும். அதிலிருந்து எட்டுவைத்து இது அடுக்களை, இது படலை, இது வாய்க்கால் வரம்பு என்று அளந்தார்கள். சிவப்புப் பூசிய மிதிவெடிக் கட்டைகளுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே அளந்தவர்களும் உண்டு. பிறகு கிணறு இறைத்து, ஆறு தகரம் போட்டு, பழைய அடித்தளத்திலேயே வீடு.

நான் சொல்ல வருவது இதுதான். கட்டடம் போய்விடும், எல்லைக்கோடு போகாது. 1666இல் லண்டன் எரிந்து முடிந்ததும் கிறிஸ்டோபர் ரென் நேரான அகன்ற வீதிகளோடு புதுப் பட்டினம் ஒன்றைக் கீறிக் கொடுத்தார். நடக்கவில்லை, ஆளாளுக்குத் தங்கள் பழைய காணியில் திரும்பக் கட்டிக்கொண்டார்கள், பழைய வளைந்த வீதிகளே மிஞ்சின. கிளிநொச்சிக்கும் 1996, 2009 என்று இரண்டு முறை வெறும் தரையாகும் 'வாய்ப்பு' வந்தது, இரண்டு முறையும் அது வாய்க்காலும் ஏ9உம் கீறிய அதே கோட்டில்தான் எழும்பியது. நகரம் மாறுவதைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர் கட்டடத்தை விட்டுவிட்டுக் கோடுகளைப் பார்க்க வேண்டும்: வீதி, வாய்க்கால், ரயில்பாதை, பெர்மிற் எல்லை. இவைதான் மெதுவாக மாறும். மற்றதெல்லாம் இவற்றின் மேல் வந்து போகும்.

கோடு இருந்தால் மட்டும் போதுமா என்று கேட்பீர்கள். போதாது. மாங்குளத்தைப் பாருங்கள். ஏ9 போகிறது, முல்லைத்தீவுக்கு வீதி பிரிகிறது, மேற்கே துணுக்காய் வெள்ளாங்குளம் வீதி, ரயில் நிலையம் வேறு. வரைபடத்தில் கவராயம் வைத்தால் வன்னியின் நடு அங்கேதான் விழும். மாகாணத் தலைமையகத்தை அங்கே கொண்டுபோகும் பேச்சும் இருந்தது; மாகாண சபை கைதடியில்தான் இருந்தது. மாங்குளம் இன்னும் பெருஞ்சந்தியாகத்தான் இருக்கிறது. சுற்றிவரக் காடு, பெரிய நீர்ப்பாசனம் இல்லை, சந்தைக்குச் சாமான் வாங்க வரும் குடித்தொகை இல்லை. இடம் இருக்கிறது, சனம் இல்லை.

முறிகண்டியையும் சொல்லலாம். ஏ9இல் போகும் வாகனம் ஒன்றுகூடப் பிள்ளையாருக்கு முன் நிற்காமல் போகாது. கற்பூரம், தேங்காய், கச்சான். அவ்வளவு பேர் நிற்கும் இடம் நகரமாகியிருக்க வேண்டுமே? நிற்பவர்கள் பத்து நிமிடத்தில் போய்விடுகிறார்கள். கச்சான் கடை வரிசையைத் தாண்டி வளர அங்கே காரணமில்லை. (கச்சான் நல்லது, அது வேறு கதை.)

வவுனியா வேறு மாதிரி. உங்கள் பாடப்புத்தகப் படம் வன்னியில் எங்காவது பொருந்துமென்றால் அங்கேதான். ஏ9, மன்னார் வீதி, ஹொரவப்பொத்தானை வீதி எல்லாம் வந்து கூடும் இடம். நடுவில் பஜார், ரயில் நிலையம், குளம். சுற்றிவர வைரவபுளியங்குளம், குருமன்காடு, பண்டாரிக்குளம், தோணிக்கல், பூந்தோட்டம் என்று குடியிருப்புகள். போர்க்காலத்தில் அது அரசுப் பகுதிக்கும் புலிகளின் பகுதிக்கும் நடுவில் எல்லைப் பட்டினம். 1990இல் ரயில் அதற்கு வடக்கே நின்றுவிட்டது. வடக்கிலிருந்து வருபவர் அங்கே இறங்கி அனுமதிப் பாஸ் எடுக்க வேண்டும், தெற்கிலிருந்து வரும் சாமான் அங்கே லொறி மாற வேண்டும். அலைந்தவர்களின் லொட்ஜ் வாடகையிலும் சாப்பாட்டுக் கடையிலும் ஒரு நகரம் தடித்தது. எல்லை போன பிறகும் தடிப்பு குறையவில்லை. இடையில் யாழ் பல்கலைக்கழகத்தின் வளாகம் வந்து 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகம் ஆகிவிட்டது, நகரசபை மாநகரசபை ஆகிவிட்டது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே பஜாரில் கடை வைத்திருப்பதும் அதன் பலம்.

இங்கே ஒரு வேடிக்கை. இலங்கையில் மாநகரசபை, நகரசபை எல்லைக்குள் இருப்பவர்களை மட்டும்தான் குடிசன மதிப்பீடு நகரவாசி என்று எண்ணும். பழைய பட்டினசபைகளை 1987இல் பிரதேச சபைகளுக்குள் கரைத்துவிட்டார்கள். கிளிநொச்சி கரைச்சிப் பிரதேச சபைக்குள், முல்லைத்தீவு கரைதுறைப்பற்றுக்குள். ஆகவே 2012 கணக்கெடுப்பில் கிளிநொச்சி மாவட்டத்து 1 இலட்சத்து 13 ஆயிரம் பேரும் முல்லைத்தீவின் 92 ஆயிரம் பேரும் ஒருவர் விடாமல் கிராமவாசிகள். டிப்போச் சந்தியில் மூன்று வங்கிக்கு நடுவில் நின்று ஓட்டோ பிடிப்பவரும் கிராமவாசிதான். சிரிக்கலாம், ஆனால் வடிகால், குப்பை, கட்டட அனுமதி எல்லாம் வயல் ஊரைக் கவனிக்க அமைந்த சபையின் தலையில் விழுகிறது என்றால் சிரிப்பு வராது.

2009க்குப் பிந்திய வளர்ச்சி பற்றி என் அபிப்பிராயம் கொஞ்சம் முரண்டு பிடித்தது. வீதிக்குக் காபெற் போட்டார்கள், 2013 செப்டெம்பரில் ரயில் கிளிநொச்சிக்குத் திரும்பியது, வங்கிகளும் லீசிங் கொம்பனிகளும் வரிசை கட்டின. கிளைகளை எண்ணி "பாருங்கள் நகரம் வளர்கிறது" என்பார்கள். கடன் வாங்கின உழவு இயந்திரத்துக்கும் ஓட்டோவுக்கும் மாதக்கட்டணம் கட்டுமிடம் அது. காசு உள்ளே வருவதைவிட வெளியே போவதற்கான வாசல். பரந்தனில் 1950களில் தொடங்கிய இரசாயனத் தொழிற்சாலை போருக்குள் பாழாய்ப் போனது. அப்படி ஆட்களுக்கு மாதச் சம்பளம் கொடுக்கும் ஒன்று எழும்பினால் அதை வளர்ச்சி என்பேன். நீங்கள் படிக்கும் வளாகத்தையும் அந்தக் கணக்கில் சேர்ப்பேன்: விவசாயம், பொறியியல், தொழில்நுட்பம் என்று பீடங்கள், அறை தேடும் மாணவர், சாப்பாடு கட்டிக் கொடுக்கும் வீடுகள். ஏ9ஐ விட்டு உள்ளே ஒழுங்கைகளுக்குள் காசு நுழையும் வழி அது.

நகரம் வளர்ந்தால் அதன் தாகமும் வளரும் என்பதற்கு உதாரணம் தேடி வெளியே போகவேண்டாம். யாழ்ப்பாணத்து நிலத்தடி நீர் கெட்டுப்போக, இரணைமடு நீரை அங்கே குழாயில் கொண்டுபோகத் திட்டம் போட்டார்கள். சிறுபோகத்துக்கே நீர் போதவில்லை என்று கிளிநொச்சிக் கமக்காரர் எதிர்த்தார்கள். இழுபறிப்பட்டு, கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024இல் திறந்தது. ஒரு நகரத்தின் எல்லையை அதன் கட்டடங்கள் முடியும் இடத்தில் அல்ல, அதன் தண்ணீர் வரும் இடத்தில் கீற வேண்டும் என்று நான் வகுப்பெடுத்தால் சொல்வேன்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. கிளிநொச்சி ஒழுங்கான நகரமாகும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் வட்டமாக அல்ல. மூன்று விடயம் நடந்தால் கோடு தடிக்கும். ஏ9க்குச் சமாந்தரமாக உள்ளே ஒரு தொடர்ச்சியான வீதி வேண்டும், இப்போது எல்லாரும் எதற்கும் பெருவீதிக்கே ஏற வேண்டியிருக்கிறது. நகர எல்லைக்குள் வரும் பெர்மிற் காணிகளுக்குத் துண்டு போடக்கூடிய உரித்து வேண்டும். 1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வந்து பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் பக்கம் குடியேறியவர்களுக்குத்தான் இது முதலில் கிடைக்க வேண்டும், நகரத்தின் கூலி வேலையில் பெரும்பங்கு அவர்கள் செய்வது. மூன்றாவது, வாய்க்காலைக் கழிவுக்கானாக மாற்றாமல் வாய்க்காலாகவே வைத்திருக்கும் சபை. மூன்றாவதுதான் நடப்பது கடினம் என்பது என் சந்தேகம்.

ஒப்படைக்கு இது தேவை என்றால் ஒரு வழி சொல்கிறேன். நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குலப் படத்தில் (ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் வரைபடம்) கிளிநொச்சி வரும் தாளை எடுத்து, இன்றைய செய்மதிப் படத்துக்கு மேல் வைத்து, கரடிப்போக்குச் சந்தியிலிருந்து 155ஆம் கட்டை வரை வாய்க்கால்களையும் வீதிகளையும் ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். எந்தக் கட்டடமும் பொருந்தாது, கோடுகள் எத்தனை பொருந்துகின்றன என்று மட்டும் எண்ணுங்கள். பிறகு டிசம்பர் மழையில் போய் எங்கே தண்ணீர் நிற்கிறது என்று அதே படத்தில் குறியுங்கள். செருப்புப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், சேறு.